கூப்பிடவில்லை என்றால்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் நான்கு தெருக்களிலும் சுலோசனாவைத் தெரியாதவர்கள் கிடையாது. போலியோ சொட்டு மருந்துக்கு அவள்தான் வருவாள். டெங்கு பரவிய வருடம் தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வந்தாள். கொரோனா சமயத்தில் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தாள். எதுவும் நிரந்தர வேலை இல்லை. பத்து நாள் இருக்கும், ஒரு மாதம் இருக்கும், பிறகு அடுத்த வேலை வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் பதினேழு வருடம் இப்படிக் கதவு தட்டியதில் யாருக்குச் சர்க்கரை, எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை, எந்த வீட்டு நாய் குரைக்காமலே கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. கணவர் மனோகரன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அதாவது எஸ்டேட்டில், ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ஒரே மகளைத் திருவள்ளூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

2023 ஜூனில் அவளுக்கு வந்த வேலை முந்தையவற்றைப் போல இல்லை. எஸ்டேட் பக்கம் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் இருந்த ஒரு நிறுவனம், அம்பத்தூரிலும் ஆவடியிலும் இப்படித் தெருத்தெருவாகப் பழக்கமுள்ள எட்டுப் பெண்களைத் தேடிப் பிடித்தது. அவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. பயிற்சி கொடுத்தவன் கோபி, களப்பணிக்குப் பொறுப்பானவன், முப்பது வயது இருக்கும். நம் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பெருங்குடலில் புற்றுக்கட்டி முளைக்கத் தொடங்கினால் அவற்றில் சில வகை பெருகும், சில வகை குறையும். அந்த மாற்றம் மலத்திலேயே தெரியும். மனிதக் கண்ணுக்குப் பிடிபடாத அந்தக் கணக்கைச் செயற்கை நுண்ணறிவு பிடித்துவிடும் என்று அவன் படம் போட்டு விளக்கினான். வெளிநாட்டுக்காரர்களின் வயிற்றை வைத்து இந்த முறையைப் பழக்கியிருக்கிறார்கள், இட்லியும் கருவாடும் கேழ்வரகுக் கூழும் போகிற வயிறு கணினிக்குப் புதிது, அதனால் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய மூவாயிரம் பேரின் மலம் வேண்டும் என்றான்.

மூடியிலேயே சின்னக் கரண்டி வைத்த பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கொஞ்சம் திரவம். காலையில் ஒரு கரண்டி எடுத்துப் போட்டு மூடிவிட வேண்டும். கூடவே நான்கு பக்கப் பாரம் ஒன்று. என்ன சாப்பிடுகிறார்கள், என்ன மாத்திரை எடுத்தார்கள், மலத்தில் ரத்தம் வருகிறதா, வீட்டில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று எல்லாம் கேட்டு நிரப்ப வேண்டும். டப்பாவில் பெயர் எழுதக் கூடாது, எண் போட்ட ஸ்டிக்கர் மட்டும்தான். கடைசியாகக் கோபி ஒன்றைச் சொன்னான். இது ஆராய்ச்சி, பரிசோதனை இல்லை. யாருக்கும் முடிவு தரமாட்டோம். முடிவு தருவதாக யாரிடமும் சொல்லக் கூடாது. சுலோசனா அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள்.

முதல் வாரம் நாற்பது வீடு ஏறி இறங்கினாள். இரண்டே டப்பா கிடைத்தது. சொட்டு மருந்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பெண்களே இப்போது முகத்தைச் சுளித்தார்கள். ஒரு வீட்டில், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று நேராகவே கேட்டார்கள். ஒன்றும் கிடைக்காது, பிற்காலத்தில் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று பயிற்சியில் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அந்த அம்மாள் கதவைச் சாத்தவில்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்பு கதவைச் சாத்தியதைவிட மோசமாக இருந்ததாம். தெருப் பையன்கள் அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். அதை இங்கே எழுத வேண்டாம்.

இரண்டாம் வாரத்தில்தான் அந்த வார்த்தை அவள் வாயில் வந்தது. திட்டமிட்டு வரவில்லை. ஒரு கிழவரின் மகள் தயங்கித் தயங்கி நின்றபோது, இவள் தன்னையறியாமல் சொன்னாள்:

"கம்ப்யூட்டரே பாக்குதும்மா. எதுனா இருந்தா கூப்புடுவாங்கோ. கூப்புடலன்னா நல்லா கீறீங்கன்னு அர்த்தம்."

அந்த மகள் உடனே டப்பாவை வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு சுலோசனா வேறு எதுவும் பேசவில்லை, எல்லா வீட்டிலும் இதே மூன்று வரிதான். வாரத்துக்கு முப்பது டப்பா சேர ஆரம்பித்தது. எட்டுப் பேரில் அவள்தான் முதலிடம். ஒருநாள் கோபி அவளோடு தெருவுக்கு வந்தான். இரண்டு வீட்டில் அவள் பேசியதைக் கூடவே நின்று கேட்டான். டீக்கடையில் நிற்கும்போது, பாரத்தில் அப்படி இல்லையே அக்கா என்றான். அவள் பதில் சொல்வதற்குள் அவனே, நீங்கள் உங்கள் ஆட்களிடம் உங்கள் பாஷையில் பேசுகிறீர்கள், நான் எதையும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்தான். அடுத்த கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தான்.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. டப்பாவுக்கு வயது போதவில்லை. இல்லாவிட்டால் நானும் கொடுத்திருப்பேன், அந்த வார்த்தையை நானும் நம்பியிருப்பேன்.

அந்த அக்டோபரில் அவள் எத்திராஜ் வீட்டுக்குப் போனாள். எத்திராஜை எங்கள் அடுக்குமாடியில் எல்லோருக்கும் தெரியும். கேன் தண்ணீர் போடுகிறவர். இந்தப் பகுதியின் பழைய விவசாயக் குடும்பம். நாங்கள் குடியிருக்கும் மனை உட்பட எல்லாம் அவர்கள் வகையறா நிலமாக இருந்து, அவருடைய அப்பா காலத்திலேயே பிளாட்டாகிப் போனது. ஐம்பத்தேழு வயதில் தோளுக்கு ஒன்றாக இரண்டு கேனைச் சுமந்துகொண்டு லிஃப்ட் இல்லாத மூன்று மாடி ஏறுவார். மூச்சு வாங்கிப் பார்த்ததில்லை. சுலோசனாவுக்கு அவர் உறவு இல்லை, ஆனால் சின்ன வயதிலிருந்து அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அவர் மனைவி ஞானம்மாள் அவளுக்கு அண்ணி.

டப்பாவைப் பார்த்து எத்திராஜ், இதையும் வாங்கிகினு போறியா என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாரத்தை ஞானம்மாளிடம் கேட்டுத்தான் நிரப்பினாள். ரத்தம் வருகிறதா என்ற கேள்வி வந்ததும் ஞானம்மாள் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு மாசமா போவுது சுலோ. மூலம்னு சொல்லிகினு சூரணம் தின்னுகினு கீறாரு. திங்கக்கெழம பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்னு கீறேன்."

சுலோசனா பாரத்தில் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். பிறகு சொன்னாள்: "அங்க போயி ஒரு நாளெல்லாம் இன்னாத்துக்கு அண்ணி நின்னுகினு. இதுலயே தெரிஞ்சிடும். எதுனா இருந்தா கூப்புடுவாங்கோ."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் பின்னால் கேட்டிருக்கிறேன். அவள் சுற்றி வளைக்கவில்லை. அந்த வாரம் நான்கு டப்பா குறைவாக இருந்தது, திங்கட்கிழமை அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் இந்த டப்பா கிடைக்காமல் போய்விடும் என்று தோன்றியது, அவ்வளவுதான் என்றாள்.

மறுநாள் காலை எத்திராஜ் டப்பாவை ஒரு மஞ்சள் பையில் சுற்றி அவரே கொண்டுவந்து கொடுத்தார். திங்கட்கிழமை அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போன் வருமா என்று ஒரு மாதம் பார்த்தார்கள். வரவில்லை. ஞானம்மாள் திருவேற்காட்டுக்குப் போய் அம்மனுக்கு மாலை சாத்திவிட்டு வந்தாள். ரத்தம் நிற்கவில்லை. ஆனால் அது மூலம்தான் என்று இப்போது இருவருக்குமே உறுதியாகிவிட்டது, ஏனென்றால் கணினி பார்த்துவிட்டது.

பதினான்கு மாதம் போனது. 2024-ல் மழைக்காலம் தொடங்கிய பிறகு எத்திராஜ் எங்கள் இரண்டாவது மாடியில் கேனை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் இரண்டு மூன்று முறை பார்த்தேன். சட்டை தொளதொளவென்று தொங்கியது. வயசாகுது சார் என்றார். நானும் ஆமாம் என்றேன். டிசம்பரில் ஒருநாள் வயிறு பானை போல உப்பி, வாந்தி நிற்காமல், வண்டியிலேயே சாய்ந்துவிட்டார். அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்தார்கள். குடலைப் புற்றுக்கட்டி முழுவதுமாக அடைத்திருந்தது. ஈரலுக்கும் போய்விட்டிருந்தது. வயிற்றில் துளை போட்டு, மலம் வந்து சேர ஒரு பை ஒட்டி, பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தம் வந்த உடனே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது, அதற்கு எந்தப் பெரிய பரிசோதனையும் தேவையில்லை, ரத்தம் வருகிறது என்பதே போதும் என்று அங்கிருந்த டாக்டர் ஞானம்மாளிடம் சொல்லியிருக்கிறார்.

ஞானம்மாள் அங்கிருந்து நேராகச் சுலோசனா வீட்டு வாசலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. உள்ளே வா என்றதற்கு வரவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்:

"கூப்புடுவாங்கோன்னு சொன்னியே சுலோ. நாங்க அத நம்பிகினு குந்திகினு இருந்தோம்."

ஞானம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் சுலோசனா கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனாள். வேலை முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்ததால் வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. அவளுக்கு நினைவிருந்த ஒரே பெயர் நிவேதிதா. பயிற்சியின்போது ஒருமுறை வந்து பேசிய பெண், கோவில்பட்டிக்காரி, டப்பாக்களின் கணக்கைக் கணினியில் ஓட்டுகிறவள். போனில் சொல்லி அவளை வரவழைத்தார்கள். இருவரும் எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனார்கள். சுலோசனா தன் நீள டைரியை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒவ்வொரு டப்பாவுக்கும் மூன்று ஸ்டிக்கர் வரும். ஒன்று டப்பாவில், ஒன்று பாரத்தில், மூன்றாவது உபரி. போன வீட்டுக்கே மறுபடி போகாமலிருக்க, அந்த உபரியைக் கதவு எண்ணுக்கு எதிரே அவள் ஒட்டி வைத்திருந்தாள். அப்படி வைத்திருக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாது. யாரும் கேட்கவுமில்லை.

நிவேதிதா எத்திராஜின் எண்ணைக் குறித்துக்கொண்டு கட்டடத்துக்குள் போனாள். திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. வந்து உட்கார்ந்து, கணினி அந்த எண்ணுக்குப் போட்டிருந்த சந்தேக மதிப்பெண்ணைச் சொன்னாள்.

"தொண்ணூத்தொண்ணு அக்கா. நூத்துக்கு. ரொம்ப அதிகம்."

எப்போது பார்த்தது என்று சுலோசனா கேட்டாள். 2023 டிசம்பரில் என்றாள் நிவேதிதா. டப்பா கொடுத்து இரண்டே மாதத்தில்.

அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை என்று சுலோசனா இப்போதும் சொல்வாள். இந்த முறை இன்னும் நிரூபணமாகவில்லை, கணினி சந்தேகப்படுகிறவர்களில் பாதிப் பேருக்குமேல் ஒன்றுமே இருக்காது, அவர்களையெல்லாம் பயமுறுத்தி, ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்புவது தவறு என்பதால் முடிவைச் சொல்லக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள், எங்களுக்கு எண்தான் தெரியும், ஆள் தெரியாது என்று நிவேதிதா விளக்கினாள். சுலோசனா முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, ரத்தம் வருகிறது என்று அந்த அண்ணி சொன்னாள், நான் பாரத்தில் டிக் போட்டேனே, அதை யார் படித்தது என்று கேட்டாள். அதையும் கணினியில்தான் ஏற்றினோம் என்றாள் நிவேதிதா. மனிதர் யாரும் படிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிவேதிதா ஸ்கூட்டரில் கள்ளிக்குப்பம் வந்தாள். ஒரு வாரமாகத் தூக்கமில்லை என்றாள். சுலோசனாவின் தெருக்களில் மட்டும் எத்திராஜைத் தவிர இன்னும் பதினோரு எண்கள் அதே மாதிரி இருந்தன. அவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். நான் கொடுத்ததாகச் சொல்லாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

டைரியை வைத்துப் பதினோரு வீட்டையும் சுலோசனா கண்டுபிடித்தாள். இந்த முறை சொல்ல வேண்டியதை அவள் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாள். நான் அன்றைக்குச் சொன்னது பொய், கூப்பிடவில்லை என்பதற்கு நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று அர்த்தமில்லை, இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம், தயவுசெய்து ஒருமுறை ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள். மூன்று வரி ஏழெட்டு வரியாகிவிட்டது. யாருக்கும் அதை முழுசாகக் கேட்கும் பொறுமை இல்லை. நான்கு பேர் நம்பவில்லை. அதில் ஒருவர், அன்றைக்குப் பொய் சொன்னவள் இன்றைக்கு மட்டும் உண்மை சொல்வாளா என்று கேட்டார். ஒரு வீட்டில் ஆளே இல்லை, போன வருடமே மாரடைப்பில் போய்விட்டார். ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போனது என்று தெரியவில்லை.

ஐந்து பேர் பரிசோதனைக்குப் போனார்கள். மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. அந்த மூவரில் ஜம்புலிங்கம் என்பவர் ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேதி கிடைத்துக் குழாய் விட்டுப் பார்ப்பதற்குள் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவர் சாப்பிடவில்லை, உயில் எழுதிவிட்டார், தூரத்தில் இருந்த மகனை விடுப்பு எடுத்து வரவழைத்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்த அன்று சுலோசனா வீட்டு வாசலில் வந்து நின்று தெருவே கூடும்படி கத்தினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அவர் பேசியதில் தப்பில்லை என்றுதான் என்னிடம் சொன்னாள்.

நான்காவது ஆளுக்குச் சின்ன சதை வளர்ச்சி இருந்தது. குழாய் வழியாகவே கிள்ளி எடுத்துவிட்டார்கள். ஐந்தாவது வசந்தா. அவள் வீடு மாறி மாங்காட்டுக்குப் போயிருந்தாள்; சுலோசனா இரண்டு நாள் அலைந்து கண்டுபிடித்தாள். வசந்தாவுக்குப் புற்றே இருந்தது, ஆனால் ஆரம்ப நிலை. அறுத்து எடுத்துவிட்டார்கள், இன்று நன்றாக இருக்கிறாள். ஆனால் அப்போது அவள் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தில் இந்த நோய் என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று பயம். இனிமேல் இந்தப் பக்கம் வராதே, எங்கே பார்த்தாலும் பேசாதே என்று சுலோசனாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். போன மாதம் மாங்காட்டுக் கோயில் வாசலில் எதிரெதிரே வந்துவிட்டார்கள். வசந்தா பூக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விஷயம் நிறுவனத்துக்குப் போகாமல் இருக்குமா? ஜம்புலிங்கத்தின் மகன் புகார் எழுதிப் போட்டிருந்தார். அந்த எண்கள் இருந்த கோப்பைத் திறந்து பார்த்தது யார் என்று கணினியிலேயே பதிவாகியிருந்ததால் நிவேதிதாவை அதே வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். சுலோசனாவுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதம் வந்தது. அதைப் படித்துச் சொல்லச் சொல்லித்தான் அவள் முதன்முதலாக என் வீட்டுக்குள் வந்தாள். ரகசியத்தை மீறியிருக்கிறீர்கள், டைரியை உடனே ஒப்படைக்க வேண்டும், இனி எங்கள் எந்த வேலைக்கும் உங்களை எடுக்கமாட்டோம், சட்டப்படி நடவடிக்கை எடுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று எழுதியிருந்தது. எத்திராஜைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் படித்து முடித்ததும், அண்ணனுக்குப் பை மாற்ற நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டாள்.

அதற்குள் அவள் தினமும் காலையில் எத்திராஜ் வீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். ஞானம்மாள் அவளை மன்னித்துவிடவில்லை. ஆனால் அந்தப் பையைக் கழற்றும்போது ஞானம்மாளுக்குக் கை நடுங்கும், பிசின் தோலோடு பிய்ந்து வரும், எத்திராஜ் பல்லைக் கடிப்பார். சுலோசனாவுக்குக் கை நடுங்காது. சுத்தம் செய்து, துடைத்து, புதுப் பையை ஒட்டிவிட்டுப் போய்விடுவாள். முதல் பத்து நாள் யாரும் யாரிடமும் பேசவில்லை. பிறகு ஒருநாள் எத்திராஜ் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"உம்மேல கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்யாயிடும். நாளைக்கும் வா."

பிப்ரவரியில் கோபி வந்தான். கூட ஒரு பெண், கையில் மாதுளம்பழப் பை. சுலோசனா அப்போது உள்ளே இருந்தாள். அவளைப் பார்த்ததும் கோபியின் முகம் மாறியது, ஆனால் வந்த காரியத்தை விடவில்லை. கட்டிலுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு மரியாதையாகவே பேசினான். 2023-ல் ஐயா எங்கள் ஆய்வில் பங்கெடுத்தீர்கள், இப்போது உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டோம், உங்கள் ஆஸ்பத்திரிக் காகிதங்களின் நகல் கிடைத்தால் எங்கள் முறை சரியாகக் கணித்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும், இந்த இடத்தில் ஒரு கையெழுத்து போதும் என்றான்.

எத்திராஜ் தாளை வாங்கவில்லை.

"டப்பாவுல பேரு இல்லன்னாங்க. இப்போ என் ஊடு எப்டி தெரிஞ்சிது?"

"பாரத்துல இருக்கற பேரெல்லாம் தனியா பூட்டி வெச்சிருப்போம்யா. இந்த மாதிரி சரிபார்க்கறதுக்கு மட்டும் திறப்போம்."

"அப்போ தொறக்க முடியும். சாவி உங்கிட்டதான் இருந்திருக்குது."

கோபி தரையைப் பார்த்தான். விதியில் அப்படி இல்லை ஐயா என்று மெதுவாகச் சொன்னான். எத்திராஜுக்கு மூச்சு வாங்கியது.

"அன்னைக்கு பீய குடுத்தேன். இன்னைக்கு பேப்பரையும் குடுக்கணுமா. நான் போடமாட்டேன் தம்பி. அந்தப் பழத்தயும் எடுத்துகினு போ."

சுலோசனா தெருமுனைவரை அவன் பின்னாலேயே போனாள். என்ன கேட்கப் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கோபிதான் நின்று திரும்பினான். அவன் கோபப்படவில்லை. களைத்துப்போன மாதிரி இருந்தான்.

"அக்கா, விதி தப்பாவே இருக்கட்டும். கூப்பிடுவாங்கன்னு நான் சொல்லச் சொன்னேனா?"

அவன் காரில் ஏறிப் போய்விட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அவள் அதற்குப் பிறகு என்னிடம் அடிக்கடி வந்தாள் என்று நினைக்கிறேன். டீக்கடையில் அவன் 'நான் எதையும் கேட்கவில்லை' என்று சொன்னதை நான் நினைவுபடுத்துவேன். கைதட்டியதை நினைவுபடுத்துவேன். அதெல்லாம் அவனுடைய பாவம் சார், நான் கேட்பது என்னுடையதைப் பற்றி என்பாள். இந்தத் தெருக்களில் அவள் அந்த வார்த்தையைச் சொன்ன வீடுகள் முந்நூறுக்கு மேல். அவர்களில் எத்தனை பேர் உடம்பில் எதையோ வைத்துக்கொண்டு, கூப்பிடவில்லையே என்று நிம்மதியாக இருந்தார்கள் என்பதை எந்தக் கணினியும் அவளுக்குச் சொல்லப்போவதில்லை. சில நாள் மாலையில் அவளாகவே ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய், ரத்தம் கித்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஜம்புலிங்கம் கத்தியது தெருவுக்கே தெரியும் என்பதால் பாதிப் பேர் கதவைத் திறக்கவில்லை. ஏப்ரலில் சொட்டு மருந்துக்கு ஆள் எடுத்தபோது வேறு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். புகார் இருக்கிறதாம்.

எத்திராஜ் அதே ஏப்ரலில், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி வாக்கில் இறந்தார். கடைசி ஐந்து நாள் பேச்சில்லை. சுலோசனா காலையில் பை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது ஆள் வந்து சொன்னது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனாள். ஞானம்மாள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

இப்போது அவள் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டுகிறாள். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறு மணி. யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. நிவேதிதா கோவில்பட்டிக்கே போய்விட்டாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வாள், இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். மூவாயிரம் டப்பா முடிந்துவிட்டதால் நிறுவனம் வேறு மாவட்டங்களுக்குப் போகப்போவதாகப் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வந்தது. நான் அதை அவளிடம் காட்டவில்லை.

ஜூன் மாதம் ரேஷன் கடை வரிசையில் ஞானம்மாளுக்குப் பின்னால் ஒரு ஆள் விட்டுச் சுலோசனா நிற்கும்படி ஆனது. இடையில் நின்றவர் சாமான் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க முன்னால் போனதும் இருவரும் அடுத்தடுத்து நின்றார்கள். ஞானம்மாள் திரும்பாமலே பேசினாள். அந்த ஆட்கள் மறுபடியும் வந்தார்கள், ஆஸ்பத்திரிப் பேப்பரையெல்லாம் கொடுத்துவிட்டேன், கையெழுத்தும் போட்டுவிட்டேன் என்றாள்.

"அண்ணன் வேணாம்னாரே அண்ணி."

"அவரு இல்ல. நாலு வாட்டி வந்தாங்கோ. தனியா கீறேன், எத்தினி வாட்டி இல்லன்றது. அவரு பேரு வராதாம், நம்பரு மட்டுந்தானாம். மிசினு கரெக்டா சொல்லிகீதுன்னு அவங்கோ ரிப்போட்டுல எழுதுவாங்கோளாம்."

வரிசை நகர்ந்தது. ஞானம்மாள் கைரேகை வைக்கப் போனாள். முதல் இரண்டு முறை இயந்திரம் அவள் விரலை ஏற்கவில்லை; மூன்றாவது முறை கட்டை விரலைப் புடவையில் துடைத்து வைத்ததும் ஏற்றது. அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு சுலோசனாவைப் பார்க்காமல் நடந்தாள். சுலோசனா தன் அட்டையை நீட்டினாள்.